சாட்சியில் சொல்லாத மாத்திரை

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடத் தோன்றும். அவர்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நானும் ஒரு நாள் அப்படி நின்றவள்தான். நன்றாகவே பேசினேன், இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சைப் பற்றி எழுத இதற்கு முன் நாலு முறை உட்கார்ந்தேன். நாலு முறையும் எழுந்து போய்த் துணி துவைத்தேன்.

திருவண்ணாமலையில் எங்கள் சபை சின்னது. ஓடு போட்ட கட்டடம், வாசலில் ஒரு வேப்பமரம். உள்ளே உட்கார்ந்தால் பின்பக்க ஜன்னல் முழுக்க மலைதான் தெரியும். போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் ஐயர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "சாட்சி சொல்றவங்க சொல்லலாம்" என்பார். யாராவது எழுந்து, அந்த மாதம் ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்வார்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, பட்டா கைக்கு வந்தது, காய்ச்சல் விட்டது, இப்படி.

அதில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். நோய் குணமானதைச் சொல்லும்போது டாக்டரைச் சொல்லக் கூடாது. ஊசியைச் சொல்லக் கூடாது. மாத்திரையைச் சொல்லவே கூடாது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தவர்கூட, "ஆண்டவர் தொட்டார், எழுந்துட்டேன்" என்றுதான் முடிப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார்? அந்தப் பத்து நாளும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களும் "ஸ்தோத்திரம்" என்பார்கள். இதைப் பொய் என்று ஒருவரும் நினைத்ததில்லை. ஆண்டவருக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்தோம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா பஸ் கண்டக்டர், நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர். நான் மூத்தவள். மாவட்டத்தைப் புதிதாகப் பிரித்த சமயம், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. என்னைவிட ஆறு வயது சின்னவள் என் தங்கை. நான் வேலைக்குப் போன நாளிலிருந்து அவளுக்கு நான் கலெக்டரம்மா. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்தே, "என்ன கலெக்டரம்மா, இன்னிக்குக் கோவம் ஜாஸ்தியா இருக்கு? எத்தனை பேரை சஸ்பெண்ட் பண்ணீங்க?" என்பாள். எனக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும். என் கோபத்தைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஜீவன் அவள்தான்.

அவளுக்குப் பதினைந்து வயதில் வலிப்பு வர ஆரம்பித்தது. முதல் தடவை பள்ளிக்கூடத்தில், காலைக் கூட்டத்தில். பிறகு கடைத்தெருவில், சபையில், கல்யாண வீட்டுப் பந்தியில். விழுந்தவுடன், "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று நாலு பேர் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். நான் கண்டபடி திட்டி அவர்களை விரட்டுவேன். எழுந்த பிறகு அவள் கேட்கிற முதல் கேள்வி, "பாவாடை சரியா இருந்துச்சாக்கா?" என்பதுதான். "இருந்துச்சுடி" என்பேன். இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஐந்து வருஷம் இப்படி ஓடிய பிறகுதான் வேலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா முன்ன வந்ததைவிட மோசமா வரும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மாவையோ தங்கையையோ பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான். படித்தவள், வேலைக்குப் போகிறவள், புரிந்துகொள்வாள் என்று நினைத்திருப்பார்.

அம்மா தினமும் தன் கையாலேயே மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பாள். எட்டு மாதம் வலிப்பு வரவில்லை. எட்டு மாதமும் அம்மா ஜெபம் செய்தாள், எட்டு மாதமும் மாத்திரை கொடுத்தாள். எது எதைச் செய்தது என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே தண்ணீர் டம்ளரோடு போயின.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அதற்குள் இரண்டு வரன் வந்து பேச்சளவில் நின்றுபோயிருந்தது. பெண் பிடித்திருந்தது, வேலை பிடித்திருந்தது, தங்கைக்கு வலிப்பு என்று யாரோ காதில் போட்டதும் பிடிக்காமல் போய்விட்டது. மூன்றாவதாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஸ்கூல் வாத்தியார், நம் ஆட்கள். மாப்பிள்ளையின் அத்தை எங்கள் சபையிலேயே இருந்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது காபி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியடியில் வைத்தார். அதை நினைத்து ஒரு வாரம் டைப் அடிக்கும்போது தப்பு விட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட வேண்டும்: எனக்குக் கல்யாணம் வேண்டும் என்று இருந்தது. ரொம்பவே வேண்டும் என்று இருந்தது.

ஐயரம்மாதான் யோசனை சொன்னார். "எட்டு மாசமா வரல இல்ல? கடைசி ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லிடும்மா. அவங்க அத்தை காதுலயும் விழும். அதுக்கப்புறம் யார் வாய் பேசும்?"

"மாத்திரை சாப்பிடறதையும் சொல்லணுமாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அத எதுக்கும்மா சொல்லிக்கிட்டு? மகிமை கம்மியாப் போயிடும்."

ஐயரம்மா தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் நகர்ந்துவிடலாம். கொஞ்ச காலம் அப்படியும் செய்து பார்த்தேன். ஆனால் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஐயரம்மா வாயைத் திறக்கும் முன்பே என் மனசில் அதே பதில் தயாராக இருந்தது. அவர் மகிமைக்காகச் சொன்னார். நான் மாப்பிள்ளைக்காக நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தங்கை என் எதிரில்தான் மாத்திரை சாப்பிட்டாள். சபையில் ஐயர் கண்ணாடியைக் கழற்றியதும் நான் எழுந்தேன். "என் தங்கச்சிக்கு அஞ்சு வருஷமா வலிப்பு இருந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். எட்டு மாசமா வரல. ஆண்டவர் சுகம் குடுத்துட்டார்" என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். மாப்பிள்ளையின் அத்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "பூரண சுகம்" என்றேன். அந்த வார்த்தையை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. அந்த அம்மாள் பார்த்த பார்வையில் வாயிலிருந்து வந்து விழுந்தது. சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. இரண்டாவது வரிசையிலிருந்து தங்கை திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "பூரணமா கலெக்டரம்மா?" என்றாள்.

"சும்மா வாடி."

"அப்போ நாளைலேர்ந்து மாத்திரை வேணாமா?"

"உதை வாங்குவ. வாயை மூடிக்கிட்டு முழுங்கு."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

அத்தைக்குத் திருப்தி. கல்யாணப் பேச்சு வேகமாக நடந்தது. வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறித்தார்கள். அந்த அத்தை எங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வர ஆரம்பித்தார். காலை எட்டு மணிக்கு வருவார், சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். "இப்படியே போனேன், எட்டிப் பார்த்துட்டுப் போலாம்னு" என்பார். கண் மட்டும் அலமாரி, ஜன்னல், மேசை என்று சுற்றி வரும். பைபிளுக்குப் பக்கத்தில் இருந்த மாத்திரைப் பட்டையை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். நான்தான் வைத்தேன். தங்கை அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாறு வாரம் போயிருக்கும். ஒரு பௌர்ணமி நாள். மதியம் மூன்று மணிக்கு ஆபீஸுக்குப் போன் வந்தது. பியூன் வந்து, "மேடம், உங்க வீட்டாண்ட ஏதோ நெருப்பாம்" என்றான். அம்மா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தங்கை தனியாக மண்ணெண்ணெய் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறாள். நின்றபடியே வலிப்பு வந்து அடுப்பின்மேல் விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் புகையைப் பார்த்து ஓடி வந்து, சாக்கைப் போட்டு அணைத்து, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வேங்கிக்காலிலிருந்து நான் வந்த பஸ் ஊருக்குள் நுழைய முடியவில்லை. கிரிவலக் கூட்டம் அப்போதே சேர ஆரம்பித்திருந்தது. இறங்கி நடந்தேன், பிறகு ஓடினேன். எதிரே வெறுங்காலோடு ஆயிரக்கணக்கில் ஜனம். அத்தனை பேர் முகத்திலும் கேட்க வேண்டியதை யாரிடம் கேட்பது என்ற தெளிவு இருந்தது. எனக்குத் தெரியவில்லை. "ஆண்டவரே" என்று வாய் ஆரம்பிக்கும், அடுத்த வார்த்தை 'பூரண' என்று வந்து நிற்கும். கூட்டத்தின் மேல் சில வருஷம் ஆத்திரத்தை வைத்திருந்தேன். அவர்கள் வழி விட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? பத்து நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்திருப்பேன்.

நாலு நாள் உயிரோடு இருந்தாள். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பழைய முகமாக இருந்தது. முதல் இரண்டு நாளும் சபைப் பெண்கள் வந்து கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தார்கள். எனக்கு உதடு அசையவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மா குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனாள். நான் மட்டும் இருந்தேன். தங்கை கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, அம்மாவைத் திட்டாத. அம்மா தினம் குடுத்தாங்க. நான்தான் முழுங்கல."

"எதுக்குடி? எதுக்கு?"

"அந்த அத்தை திடீர் திடீர்னு வராங்கல்ல. ஒரு நாள் பாத்துட்டா? நீ சபையில நின்னு சொன்னது பொய்யாயிடும்ல."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வாங்கினாள். பிறகு, "நானும் ஜெபம் பண்ணேன்கா. அக்கா சொன்னதை நிஜமாக்கிடுப்பான்னு தினம் கேட்டேன். கேப்பார்னுதான் நெனச்சேன்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் நினைவிருக்கும். அவள்தான் மறுபடி பேசினாள். "அம்மாகிட்ட சொல்லிடாத. மனசு ஒடிஞ்சி போயிடுவாங்க."

மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அவளுடைய பவுடர் டப்பாவை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியாது, வாசனை பார்க்க எடுத்திருப்பேன். கனமாக இருந்தது. உள்ளே கிலுகிலு என்று சத்தம் கேட்டது. மூடியைத் திருகித் திறந்தால் பவுடருக்குள் வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள். சிலது ஈரம் பட்டு ஓரம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் எடுத்து இதற்குள் போட்டிருக்கிறாள். பின்பக்கம் போய்ச் சாக்கடையில் கொட்டினேன். டப்பாவைக் கழுவி வெயிலில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "எதுக்குடி கழுவுற?" என்றாள். "எறும்பு" என்றேன்.

அந்த வாரம் ஐயரம்மா வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், நிஜமான அழுகைதான். போகும்போது, "விசுவாசத்துல எங்கயோ ஒரு ஓட்டை இருந்திருக்கும்மா. சாத்தான் அது வழியா பூந்துட்டான்" என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அம்மா அந்த ஓட்டையைத் தேட ஆரம்பித்தாள். அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாள்.

"சாட்சி சொன்னப்புறமும் நான் மாத்திரை குடுத்துக்கிட்டே இருந்தேன்ல? சுகம் குடுத்துட்டார்னு சபையில சொல்லிட்டு, வீட்ல வந்து அவரை நம்பாம மாத்திரை குடுத்தேன். அதான்."

அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "இல்லம்மா, நீ குடுத்த மாத்திரையை அவ முழுங்கியிருந்தா பொழச்சிருப்பா" என்று ஒரு வாக்கியம். சொல்லவில்லை. சொல்லாதே என்று அவள் கேட்டுக்கொண்டாள் அல்லவா? செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு என்று அதை நான் வசதியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி, "ஏன் முழுங்கல?" என்று வரும். அதற்குப் பதில் நான்தான்.

கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டில் நிறுத்தவில்லை. ஒரு வருஷம் போகட்டும் என்றுதான் சொன்னார்கள். அவர் அடக்கத்துக்கு வந்திருந்தார், மண் போட்டார், என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். நான்தான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஊரில் என்னைத் தியாகி என்றார்கள். கேட்கும்போதெல்லாம் எதையாவது தூக்கி எறியலாம் போல இருக்கும்.

எங்கள் வீட்டில் தினம் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாயை விரித்து அம்மாவும் நானும் முழங்காலில் நிற்போம். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அம்மாவின் ஜெபம் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும். "ஆண்டவரே, அடியாளோட அவிசுவாசத்தை மன்னியும்." அதைச் சொன்ன பிறகுதான் மழை, ஊர், நோயாளிகள், என் வேலை, எல்லாம். ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தை முனகிவிடுவாள். நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் ஆமென் என்பேன். அதற்கு ஆமென் போட எனக்கு எப்படி வாய் வந்தது? வந்தது. பழகிவிட்டால் எதற்கும் வாய் வரும்.

நான் ஜெபத்தை விட்டுவிடவில்லை, விட்டிருந்தால்கூட நேர்மையாக இருந்திருக்கும். அது இருக்கிறதா, போய்ச் சேருகிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. அம்மா உண்மையாகக் கேட்டாள், கிடைக்கவில்லை. தங்கை அதைவிட உண்மையாகக் கேட்டாள். அவள் கேட்டதைப் போல இந்த ஊரில் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். அதுவும் கிடைக்கவில்லை. பின்னே எப்படித்தான் கேட்பது? விசுவாசம் போதாது என்பவர்களை நடுரோட்டில் நிறுத்திக் கேட்கலாம் என்று இருக்கும்: மாத்திரையைத் துப்பிவிட்டு அடுப்படிக்குப் போனாளே, அதைவிட எவ்வளவு விசுவாசம் வேண்டுமாம் உங்களுக்கு?

ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாள். காலையிலிருந்தே வரிசை நிற்கும். பட்டா, பென்ஷன், பம்ப்செட், பாதைத் தகராறு. பதில் கடிதம் நான்தான் டைப் அடிப்பேன். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." பதினைந்து வருஷத்தில் அந்த வரியை எத்தனை முறை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஜெபமும் இதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். மேலே என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து அதே வரியை அடித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வெறுங்கையோடு வந்து என் மேசை எதிரில் நின்றார். "மனு எங்கங்க?" என்றேன்.

"மனு இல்லம்மா. எழுதி எழுதிக் குடுத்து அலுத்துப்போச்சு. பங்காளி மேலதான் தப்புன்னு இத்தனை நாளா எழுதினேன். என் மேலயும் தப்பு இருக்குது. வரப்பை நானும்தான் வெட்டினேன். யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"இதுக்கெல்லாம் இங்க நேரமில்லங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் சரிம்மா என்று போய்விட்டார். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்த ஆள் மேல் அப்படி ஒரு கோபம். ஏன் என்று அப்போது புரியவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

அதுவும் ஒரு கடைசி ஞாயிறு. தங்கை போய்ப் பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது. பழைய ஐயர் மாற்றலாகிப் போய், புது ஐயர் வந்திருந்தார். சபைக்கு மேலே ஓடு போய்த் தளம் வந்திருந்தது, மைக் வந்திருந்தது. சாட்சி மட்டும் மாறவில்லை, புது ஐயரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார். ஒரு சின்ன வயசுப் பெண் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் துணி துவைக்கிற வேலை செய்கிறவள், சபைக்குப் புதிது. குழந்தைக்கு வலிப்பு வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"மூணு மாசமா பாப்பாவுக்கு வரல. ஆண்டவர் பூரண சுகம் குடுத்துட்டார்" என்றாள்.

நான் எழுந்தது எனக்கே தெரியாது. "மாத்திரை குடுக்குறியா?" என்று கேட்டேன். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

"சிஸ்டர், சாட்சி நடுவுல..." என்றார் ஐயர்.

"நான் அவகிட்ட கேக்கறேங்க. குடுக்குறியா இல்லியா?"

அந்தப் பெண் மிரண்டுபோய்க் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "போன வாரம் நிறுத்திட்டேன்கா. சாட்சி சொல்லப்போறோமே, சொல்லிட்டு மாத்திரையும் குடுத்தா பொய் சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு" என்றாள்.

முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "இன்னிக்கு வீட்டுக்குப் போனவுடனே குடு. நாளைக்கே மாத்திரை எழுதின டாக்டர்கிட்ட போய் நிறுத்திட்டேன்னு சொல்லு. இங்க நின்னு ஒரு நாள் நான் பொய் சொன்னேன். என் தங்கச்சி மாத்திரை சாப்ட்டுத்தான் நல்லா இருந்தா, நான் அதை மறைச்சிட்டேன். என் கல்யாணத்துக்காக மறைச்சேன். நான் சொன்னது பொய்யாயிடக் கூடாதுன்னு அவ மாத்திரையை நிறுத்திட்டா. எங்கம்மா தினம் குடுத்தாங்க. அவதான் முழுங்கல. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் செத்தா."

அம்மா எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. வெள்ளைக் கொண்டையும் கழுத்தும் மட்டும் தெரிந்தன. ஐயர் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அந்தப் பெண் குழந்தையோடு அப்போதே வெளியே போய்விட்டாள். மறுநாள் காலை நானே அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, இன்னமும் மாத்திரை சாப்பிடுகிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சோறு போட்டாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்போ அது என் அவிசுவாசம் இல்லியா?"

"இல்லம்மா."

"நான் மாத்திரை குடுத்ததால இல்ல?"

"நீ குடுத்ததுதாம்மா சரி."

விரலால் தரையில் எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். "தினம் பக்கத்துல மண்டி போட்டுக் கேட்டுக்கிட்டுத்தானடி இருந்த?"

திட்டியிருந்தால், அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அது அங்கேயே நின்றது. இன்றைக்கும் அந்தச் சுவரோரம் நான் உட்காருவதில்லை.

ஜெபத்தைப் பற்றிய சந்தேகம் அன்றோடு தீர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எழுதினால் அதுவும் ஒரு சாட்சி ஆகிவிடும், எதையாவது மறைத்துத்தான் எழுத வேண்டியிருக்கும். தங்கை கேட்டதை அவர் ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கு இன்னமும் தெரியாது. பரலோகத்தில் பார்த்தால் முதல் கேள்வி அதுதான். ஆனால் அத்தனை வருஷமும் என் வாயைக் கட்டி வைத்தது அந்தச் சந்தேகம் இல்லை என்பது மட்டும் அன்று தெரிந்தது. கேட்கிறாரோ இல்லையோ என்று நான் பயப்படவே இல்லை. கேட்டுவிடுவார் என்றுதான் பயந்திருக்கிறேன்.

ஏழு மணிக்கு வழக்கம் போல அம்மா பாயை விரித்தாள். விரிக்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன். நானும் போய்ப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன்.

"ஆண்டவரே" என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. பதிமூன்று வருஷமாக அந்த இடத்தில் ஒரே வாக்கியம்தான் இருந்தது. அதை எடுத்துவிட்ட பிறகு அவளுக்கு வழி தெரியவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். வெளியே யார் வீட்டிலோ பிரஷர் குக்கர் கத்தியது.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலடி" என்றாள். "நீ சொல்லு."

நான் கண்ணை மூடவில்லை. "ஆண்டவரே, நான்தான்" என்றேன். அதற்கு மேல் எனக்கும் வரவில்லை. அம்மா ஆமென் சொல்லவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. காத்துக்கொண்டிருந்தாள். சபையில் சொல்லாத ஒன்று என்னிடம் இன்னும் இருந்தது. பவுடர் டப்பாவிலிருந்து ஆரம்பித்தேன்.